ஜாயின்ட் போட மாட்டேன்னு திருப்பி அனுப்புற ஷெட்டு: வின்ச் ரோப் மாத்துன ரிவ்யூ

முதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. வேலைக்கு மட்டும் மார்க் போடணும்னா அஞ்சுமே குடுப்பேன், கொறச்ச ஒண்ணு எதுக்குன்னு போகப்போக தெரியும். கடைக்கு பேரும் கிடையாது போர்டும் கிடையாது. மாதவரம் ரவுண்டானா தாண்டி மணலி பக்கம் போனா ரெக்கவரி வேன், கிரேன்லாம் வரிசையா நிக்கிற எடத்துல ஒரு தகர ஷெட்டு, அவ்ளோதான். அங்க டோயிங் வண்டி ஓட்டுற யாரக் கேட்டாலும் வழி சொல்லிடுவாங்க. ஓனர் அண்ணன் ரொம்ப வருஷம் காசிமேட்டுல விசைப்படகு வின்ச்சுக்கு (மோட்டார்ல ட்ரம்ம சுத்தி ரோப்ப இழுக்கற மிஷின்) ரோப் ஏத்திட்டு இருந்தவர், அப்புறம் லாரி ஜீப்னு இந்தப் பக்கம் வந்துட்டார். பேச்சு கொஞ்சம் கரடுமுரடாதான் இருக்கும், மனசுல வெச்சுக்காதீங்க.

என் வண்டி மஹிந்திரா தார் ஜீப். முன்னாடி 12,000 பவுண்டு எலக்ட்ரிக் வின்ச், நம்ம கணக்குல 5,400 கிலோவுக்கு கொஞ்சம் மேல. கூடவே வந்த 9.5 எம்எம் ஸ்டீல் ரோப், 28 மீட்டர். மழை சீசன்ல பள்ளிக்கரணை பக்கம் ரோட்டுலேருந்து எறங்கிட்ட ஒரு கார, மச்சான் என் வண்டிய வாங்கிட்டு போய் இழுத்து விட்டிருக்கான், ரோப் தரையில லூஸா கிடக்கறப்ப ஒரு வளையம் விழுந்திருக்கு, அத யாரும் பாக்காம ரிமோட்ட அமுக்க, வளையம் அப்படியே இறுகி நட்டநடுவுல பத்து பன்னெண்டு மீட்டர் தூரத்துல ஒரு கோணல் மடிப்பு. நாலஞ்சு கம்பி வேற அறுந்து சிம்பு சிம்பா நிக்குது. கையால நிமுத்துனா நேரா தெரியும், ஆனா உள்ள கம்பியெல்லாம் ஒருதடவ மடங்கிட்டா மடங்கினதுதான், ஒரு புரி மேல லோடு ஜாஸ்தியா ஏறும், இன்னொரு புரி சும்மா இருக்கும். கிங்க், அதாவது இப்படி மடிப்பு விழுந்த ரோப்ப நிமுத்தி ஓட்டறதுன்னு ஒரு விஷயமே கிடையாது.

சிட்டிக்குள்ள ஒரு கடையில காட்டுனப்ப, அது ஒண்ணுமில்ல ஜி, அந்த எடத்த வெட்டிட்டு ரெண்டு முனையும் சேத்து நாலு யூ கிளாம்ப் போட்டுடலாம், அரமணி நேர வேலைன்னாங்க. ரேட்டும் சீப்புதான். எனக்கு என்னவோ மனசு ஒப்பல, ஒரு ரெக்கவரி வேன் நண்பர்ட்ட கேட்டேன், அவர்தான் இந்த ஷெட்டுக்கு அனுப்பினார்.

அண்ணன் ரோப்ப பாத்துட்டு சொன்ன மொத வார்த்தையே, "ஜாயின்ட்டுனு கேட்டு வந்திருந்தா இப்பவே கெளம்பு தம்பி, அந்த வேல நான் பண்றதில்ல." அப்புறம் ஒரு பழைய கார்ட்போர்டு அட்டைய எடுத்து அதுல கணக்கு போட்டார் பாருங்க, அதுக்கே தனியா காசு குடுக்கலாம். 9.5 எம்எம்னா இன்ச்சுல 3/8. 7க்கு 19 கட்டுல (ஏழு புரி, ஒவ்வொண்ணுலயும் 19 கம்பி) கால்வனைஸ்டு ரோப், புதுசா இருக்கறப்பவே அறுந்து போற லோடு 14,400 பவுண்டுதான். வின்ச் இழுக்கறது 12,000. அதாவது ரோப் புத்தம்புதுசா இருந்தாலே மிச்சம் கொஞ்சம்தான். சரக்கு தூக்குற ஸ்லிங்குன்னா தூக்கற எடைய போல அஞ்சு மடங்கு தாங்கற ரோப்ப போடுவாங்க, வண்டி வின்ச்ல அந்த சலுகை எல்லாம் இல்ல. இப்ப யூ கிளாம்ப் போட்டா, அதையும் சரியான திசைல சரியான டைட்ல போட்டாதான், ரோப்போட பலத்துல 80 சதவீதம் நிக்கும். 14,400ல 80 சதவீதம் எவ்ளோ? 11,520. மோட்டார் மூச்சு தெணறி நிக்கறதுக்கு முன்னாடி ஜாயின்ட் போயிடும், அதுவும் முழு லோடுல போகும், எதிர்ல நிக்கிறவன் காலா தலையான்னு அதுக்கு தெரியாது.

இது பலத்தோட கணக்கு மட்டும். நடுவுல கிளாம்ப் இருந்தா அது முன்னாடி ரோலர் வழியா நுழையாது, மல்லுக்கட்டி நுழைச்சாலும் ட்ரம்ல அந்த கட்டிமேல அடுத்த சுத்து ஏறி நசுங்கும். இத அந்த சிட்டி கடைக்காரர் யோசிச்சே இருக்க மாட்டார்னு தோணுது, ஏன்னா அவருக்கு ரோப்னா இரும்பு கேட்ட தூக்கற ரோப், ட்ரம்ல சுத்தற ரோப் வேற.

அதுக்காக எல்லா டேமேஜுக்கும் முழுசா மாத்த சொல்ற ஆளும் இல்ல இவர். நான் உக்காந்திருக்கறப்பவே ஒரு டாடா ரெக்கவரி வேன் வந்துச்சு, கொக்கிக்கு பக்கத்துல ஒரு மீட்டர்குள்ளதான் கம்பி பிஞ்சிருக்கு. அத பாத்துட்டு, "மாத்த வேணாம், முனைய வெட்டி புது கண்ணி போட்டா போதும்"னு சொல்லி ஒன்றரை மீட்டர் வெட்டி போட்டுட்டு திம்பிள் (கண்ணிக்குள்ள வெக்கற உலோக வளையம்) வெச்சு ஃபெரூல் (ரோப்ப சேத்து புடிக்கற உலோகக் குழாய்) போட்டு ஹைட்ராலிக் பிரஸ்ல அமுக்கி குடுத்தார். ரோப் கொஞ்சம் கொறஞ்சா நஷ்டம் ஒண்ணும் பெருசா இல்ல, சொல்லப்போனா ட்ரம்ல அடுக்கு கொறஞ்சா இழுவை கூடும், 12,000ங்கறதே ட்ரம்ல மொத அடுக்குல இருக்கறப்ப உள்ள கணக்குதான், மேல மேல அடுக்கு ஏற ஏற இழுவை எறங்கிட்டே வரும். இத வின்ச் விக்கிறவங்க யாரும் வாய தொறந்து சொல்றதில்ல.

ரோப்ப எப்ப தூக்கி போடணும்னு அவர் பாக்கற விதமும் எனக்கு புடிச்சிருந்துச்சு. தோல் கிளவுஸ் போட்டுட்டு, ஒரு வேஸ்ட் துணிய ரோப் மேல வெச்சு மெதுவா இழுத்துட்டே போறார், அறுந்த கம்பி இருந்தா துணி மாட்டும். மாட்டுன எடத்துல சாக்பீஸ் அடையாளம். ஒரு புரி ரோப்ப ஒரு சுத்து சுத்தி வர்ற நீளத்துக்குள்ள ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரில மூணு அறுந்திருந்தாலோ ரோப் ஸ்கிராப். கிரேன் ரோப்புக்கு இருக்கற கணக்குதான் இது, ஜீப்புக்கும் அதையே வெச்சுக்கறார். கிங்க், நசுங்கல், வெல்டிங் பட்ட எடம், உள்ளேருந்து பொடிப்பொடியா வர்ற துரு, இதுக்கெல்லாம் எண்ணிக்கை கணக்கே கிடையாது, பாத்த ஒடனே ஸ்கிராப். ஈசிஆர் பக்கம் வண்டி நிக்கிறவங்க துரு விஷயத்த சீரியஸா எடுத்துக்கோங்க, உப்புக்காத்து வெளில தெரியாம உள்ள வேல பாக்கும்.

அடுத்து பெரிய கேள்வி, ஸ்டீலா, இல்ல டைனீமா மாதிரி பிளாஸ்டிக் நார்ல பின்னுன சிந்தெடிக்கா. நான் போறப்பவே சிந்தெடிக்னு முடிவு பண்ணிட்டுதான் போனேன், அவர் ஒடனே சரின்னு எடுத்து குடுத்திருக்கலாம், அவருக்கு லாபம் அதுலதான். ஆனா வண்டிய எதுக்கு யூஸ் பண்றே, எங்க நிப்பாட்டுவ, மாசத்துக்கு எத்தன தடவ இழுப்பன்னு கேட்டுட்டுதான் பேசினார். என் நண்பர் மாதிரி தெனமும் ஆக்சிடென்ட் வண்டிய இழுத்து ஏத்துறவங்களுக்கு ஸ்டீல்தான்னு அடிச்சு சொல்றார், ஏன்னா ரோப் ரோட்டுல உரசும், பிளாட்ஃபார்ம் விளிம்புல உரசும், நாள்பூரா வெயில்ல கிடக்கும், சூடான சைலன்சர் மேல படும், சிந்தெடிக் இதுல எதையும் தாங்காது. என்னைய மாதிரி லீவு நாள்ல மண்ணுல சேத்துல போறவனுக்கு சிந்தெடிக் ஓகே.

வித்தியாசம் கைல தூக்குனாலே தெரியுது. 28 மீட்டர் ஸ்டீல் பத்து கிலோ இருக்கும், அதே நீளம் சிந்தெடிக் ஒன்றரை ரெண்டு கிலோதான், பலம் இருபதாயிரம் பவுண்டு பக்கத்துல. சிம்பு குத்தாது, ஏரித்தண்ணில மிதக்கும். அறுந்தா பாஞ்சு வந்து அடிக்கற பலமும் கம்மி, ஏன்னா ரோப்பே லேசு, ஆனா கொக்கி லேசு இல்லங்கறத ஞாபகம் வெச்சுக்கணும். ஆகாத எடம் சூடு. 145 டிகிரி பக்கம் உருகிடும், அதுக்கு ரொம்ப முன்னாடியே, 70 டிகிரி தாண்டினாலே பலம் எறங்க ஆரம்பிக்கும். நெறைய வின்ச்ல பிரேக் ட்ரம்முக்கு உள்ளயே இருக்கு, லோடோட வண்டிய பின்னால எறக்கறப்ப அந்த பிரேக்தான் சூடாகும், ட்ரம் கொதிக்கும். அதனால மொத அடுக்கு ரோப்புக்கு சூடு தாங்கற உறை போட்ட ரோப்பாதான் வாங்கணும், உறை இல்லாம வெல கம்மியா கெடைக்குதுன்னு வாங்கிடாதீங்க.

டைனீமான்னு சொல்லி நைலான் கயிற தலையில கட்டுறவங்களும் இருக்காங்க. அண்ணன் அதுக்கு ஒரு வேல பண்ணார், வெட்டுன துண்ட பக்கெட் தண்ணில போட்டு காட்டினார். நைலானும் பாலியஸ்டரும் முங்கும், இது மிதக்கும். ஆனா சாதா பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறும் மிதக்கும், அதனால மிதந்தா மட்டும் ஒரிஜினல்னு அர்த்தம் இல்ல, முங்கினா டூப்ளிகேட்னு மட்டும் கன்ஃபார்மா சொல்லலாம். இத அவரே சொன்னார், அதனாலதான் ஆள் மேல நம்பிக்கை வந்துச்சு.

இப்ப ஃபிட்டிங். ரோப் எங்க வேணா வாங்கலாம், பாரிஸ் கார்னர்ல லிங்கி செட்டி தெருவுல அலைஞ்சா மீட்டர் கணக்குல ஸ்டீல் ரோப் கெடைக்கும், ஆன்லைன்ல சிந்தெடிக் கெடைக்கும். ஆனா இந்த ஷெட்டுக்கு காசு குடுக்கறது ஏத்தற வேலைக்குதான், அத பத்தி எத்தன எழுதினாலும் தகும்.

மொத வேலையா பேட்டரி நெகடிவ கழட்டிட்டார், ரிமோட்ட புடுங்கி அவர் சட்டப்பையில போட்டுக்கிட்டார். ட்ரம் பக்கத்துல கை இருக்கறப்ப எவனாவது பட்டன அமுக்கிட்டா விரல் போயிடும்னு சொல்லி அந்த சட்டைய ரெண்டு தட்டு தட்டினார். அப்புறம் கிளட்ச் லீவர ஃப்ரீல போட்டு பழைய ரோப்ப கையால முழுசா உருவினாங்க. கழட்டறதுக்கு முன்னாடியே ட்ரம்ல ரோப் எந்தப் பக்கமா சுத்தியிருக்குன்னு சாக்பீஸ்ல அம்புக்குறி. எதுக்குன்னு கேட்டேன். பெரும்பாலான வின்ச்ல ரோப் ட்ரம்முக்கு அடிப்பக்கமா வெளில வரணும், மாத்தி மேல்பக்கமா சுத்திட்டா வின்ச் ஓடும், இழுக்கவும் செய்யும், ஆனா பிரேக் ஒரு திசைல மட்டும்தான் புடிக்கும், அதனால பட்டன விட்டா வண்டி நிக்காது. ஏத்தத்துல தொங்கறப்ப இது தெரியவந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

முன்னாடி இருந்த ரோலர கழட்டி விரல வெச்சு தடவ சொன்னார். ஸ்டீல் ரோப் உரசி உரசி ரோலர்ல கத்தி மாதிரி கீறல் விழுந்திருக்கு. அது மேல சிந்தெடிக் ஓட்டினா ஒரே சீசன்ல நாரு நாரா கிழிஞ்சிடும். அதனால அலுமினியம் ஹாஸ் ஃபேர்லீட் (ரோலருக்கு பதிலா ரோப் நுழையற வழவழப்பான வாய்) புதுசா போட்டாகணும், இது எக்ஸ்ட்ரா செலவு, பட்ஜெட் போடறப்ப சேத்துக்கோங்க. ட்ரம்மையும் எமரி பேப்பர் போட்டு தேய்ச்சு, ரோப் மாட்டற போல்ட் ஓட்டைல பிசிறு எல்லாம் எடுத்தாங்க.

அந்த போல்ட் பத்தி ஒரு விஷயம். ட்ரம்ல ரோப்ப புடிச்சிருக்கறது அந்த சின்ன போல்ட்டுதான்னு பல பேர் நெனைக்கிறாங்க, இல்லவே இல்ல, அது சும்மா ஆரம்பத்துல புடிச்சுக்க. லோட தாங்கறது ட்ரம் மேல இருக்கற சுத்தோட உராய்வுதான். அதனால ஸ்டீல்னா குறைஞ்சது அஞ்சு சுத்து, சிந்தெடிக் வழுக்கும், அதுக்கு எட்டு பத்து சுத்தாவது ட்ரம்ல எப்பவும் மிச்சம் இருக்கணும். அந்த பத்தாவது சுத்து முடியற எடத்துல ரோப் மேல சிவப்பு மார்க் போட்டு குடுத்தார், சிவப்பு வெளில வந்தா நிப்பாட்டு, அதுக்கு மேல தூரம் வேணும்னா எக்ஸ்டென்ஷன் பெல்ட் போடுன்னார். ரொம்ப சின்ன விஷயம், ஆனா வேற எந்த கடையிலயும் இத செஞ்சு நான் பாத்ததில்ல.

கடைசியா ரோப் ஏத்தறது. கையால சுத்தி விட்டுட்டு முடிஞ்சுதுன்னு சொல்ற ஆளு இல்ல. ஷெட்டுக்கு பின்னாடி காங்கிரீட்ல நட்ட இரும்புத்தூண் ஒண்ணு இருக்கு, ரோப்ப முழுசா விரிச்சு கொக்கிய அதுல பெல்ட் போட்டு மாட்டி, வண்டிய நியூட்ரல்ல போட்டு, ஒரு பையன் உள்ள உக்காந்து பிரேக்க லேசா மிதிச்சுட்டே இருக்க, வின்ச் வண்டிய தூண் பக்கமா இழுத்துட்டு போகுது. குறைஞ்சது 230 கிலோ இழுவையாவது இருக்கணுமாம். அந்த டைட்லயே மொத அடுக்கு பக்கத்துல பக்கத்துல இடைவெளி இல்லாம உக்காருது. லூஸா சுத்தினா தையல் மிஷின் பாபின்ல நூல் சிக்கற கதைதான், பின்னாடி பெரிய லோடு வர்றப்ப மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள பொதைஞ்சு போய் வெளிலயும் வராது உள்ளயும் போகாது. ஒவ்வொரு ரெண்டு மூணு மீட்டருக்கும் நிப்பாட்டி சுத்து சரியா உக்காந்திருக்கான்னு பாத்தார், ஆனா இழுவைல இருக்கறப்ப யாரும் கைய கொண்டு போகல. கொக்கி ஃபேர்லீடுக்கு ஒரு மீட்டர் கிட்ட வந்ததும் நிப்பாட்டிட்டு, கொக்கில சின்ன பட்டை ஒண்ணு மாட்டி அத புடிச்சுட்டு பட்டன தட்டி தட்டி உள்ள ஏத்தினாங்க, கொக்கியவே புடிச்சா விரலும் சேந்து உள்ள போயிடும்.

இப்ப அந்த ஒரு மார்க். பில் கேட்டா துண்டு சீட்டுதான், ஜிஎஸ்டி பில் வேணும்னா அடுத்த வாரம் வான்னு சொல்றார். டைம் சொன்னா சொன்ன டைமுக்கு ஆரம்பிக்க மாட்டார், டோயிங் வண்டி வந்துட்டா உங்க வேல நடுவுல நிக்கும், அவங்களுக்கு அது பொழப்பு, நமக்கு ஹாபி, அது நியாயம்தான், இருந்தாலும் மாதவரம் வெயில்ல ஒக்காந்துட்டு இருக்கறவனுக்கு கடுப்பாகும். அப்புறம் கிரைண்டர்ல ரோப் வெட்டறப்ப அவரு மட்டும் கண்ணாடி போட்டுக்கறார், பக்கத்துல ஹெல்ப்பர் பையன் வெறும் கண்ணோட நிக்கிறான். நான் சொன்னேன், "டேய் கண்ணாடி போடுடா"ன்னு அவர் ஒரு சத்தம் போட்டார், பையன் போட்டான், அடுத்த வண்டிக்கு மறுபடி கழட்டிட்டான்.

மாத்துனதுக்கு அப்புறம் ஈசிஆர் பக்கம் மணல்லயும், செங்கல்பட்டு பக்கம் ஒரு ஏரிக்கரை சேத்துலயும் இழுத்து பாத்தாச்சு, சுத்து கலையல, பொதையல. ஒரே தலைவலி மணல். சிந்தெடிக் ரோப்ல பின்னலுக்குள்ள மணல் போயிட்டா உள்ளேருந்தே அரிக்கும், அதனால பீச்சுக்கு போயிட்டு வந்தா முழுசா விரிச்சு நல்ல தண்ணில அலசி நெழல்ல காய வெச்சு மறுபடி டைட்டா ஏத்தணும். சோம்பேறிங்க ஸ்டீலே போட்டுக்கோங்க, அதுக்கும் லேசா ரோப் ஆயில் போடணும், கெட்டி கிரீஸ் வேணாம், மண்ணு ஒட்டிக்கும். சிந்தெடிக்ல இன்னொரு வசதி, அறுந்தா அங்கயே ஸ்ப்ளைஸ் பண்ணலாம், அதாவது வால ரோப்புக்குள்ளயே சொருகி சேக்கறது, 10 எம்எம் ரோப்னா வால் 72 சென்டிமீட்டர் உள்ள போகணும், அண்ணன் ஒருதடவ செஞ்சு காட்டினார். முடிச்சு மட்டும் போட்டுடாதீங்க, பாதி பலம் அங்கயே போச்சு.

இழுக்கறப்ப நம்ம ஊர்ல பெரிய ஆபத்து ரோப்பே இல்லைங்க, கூட்டம். எங்கேருந்துதான் வருவாங்களோ, ஒருத்தர் ரைட்ல ஒடிங்கறார், ஒருத்தர் வீடியோ எடுக்கறார், ஒரு சின்னப்பையன் டைட்டா நிக்கிற ரோப்ப தாண்டி குதிக்கறான். ரோப் எவ்ளோ நீளம் வெளில இருக்கோ அதுல ஒன்றரை மடங்கு தூரம் யாரும் நிக்கக்கூடாது, தாண்டவே கூடாது, நடு ரோப் மேல கனமான போர்வையோ டாம்பரோ (ரோப் அறுந்தா துள்ளாம அமுக்கற கனமான விரிப்பு) போட்டே ஆகணும், சிந்தெடிக்கா இருந்தாலும் சரி. கொக்கிய ரோப்பையே சுத்தி அதுலயே மாட்டறது வேணவே வேணாம், மரத்துல மாட்டணும்னா அகல பெல்ட்டும் ரேட்டிங் அடிச்ச ஷாக்கிளும் (போல்ட் போட்டு மூடற இரும்பு வளையம்) வேணும், எதிர் வண்டில பம்பர்லயோ ட்ரெய்லர் இழுக்கற உருண்டையிலயோ மாட்டாதீங்க, அது பிஞ்சு வந்தா குண்டுதான்.

போறவங்க வின்ச் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர ஃபோட்டோ எடுத்துட்டு போங்க, அவர் மொதல்ல கேக்கறது அதுதான். ட்ரம் அளவு தெரியாம ரோப் நீளம் சொல்ல மாட்டார், ஜாஸ்தி நீளம் ஏத்தினா ரோப் பக்கத்து பிளேட்டுல உரசும்பார். காலைல சீக்கிரம் போயிடுங்க, டோயிங் வண்டிங்க நைட்டு டூட்டி முடிச்சுட்டு பத்து மணிக்கு மேலதான் வரிசை கட்டும். கூலி பேரம் பேசுங்க கொறைப்பார், தூண்ல கட்டி டைட்டா ஏத்தற வேலைய விட்டுட்டு கம்மி பண்ணுங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க, எனக்கு முன்னாடி நின்ன ஒருத்தர் கேட்டு வாங்கி கட்டிக்கிட்டார்.